சொல்லாமல் விட்ட ஆண்டுகள்
(இங்கால்ஸ் குடும்பக் கதைகள் பற்றி ஒரு திறனாய்வு)

குடும்ப வரலாறு என்பது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே மறைந்து போகும் ஓர் இலக்கிய வகை. பாட்டி சொல்வாள், பேரன் பாதி கேட்பான், அவன் பிள்ளைக்கு அதில் கால் பங்கு போய்ச் சேரும். பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வேரூன்றிய நம்மைப் போன்ற குடும்பங்களில் இவ்வகைக்குத் தனி மதிப்பு உண்டு. தாத்தா எந்த ஆண்டில் இரயிலேறினார், கையில் என்ன கொண்டு வந்தார், முதலில் எந்த ஒண்டுக்குடித்தனத்தில் குடியேறினார் என்பவையெல்லாம் நமக்கு ஏறத்தாழத் தலபுராணம். தலபுராணத்தின் இயல்பும் அவற்றுக்கு உண்டு. சில செய்திகள் தீப ஒளியில் நிற்கும். சில செய்திகளின் மேல் வெளிச்சமே படாது. முதல் மாத வாடகையைக் கொடுத்துதவியவர் யார், இடையில் எந்த ஆண்டு தோற்றுத் திரும்ப நேர்ந்தது, நாம் கட்டிய வீட்டின் மண்ணில் நமக்கு முன்னே இருந்தவர் யார் என்பவை அந்த வெளிச்சம் படாத பகுதியைச் சேர்ந்தவை.

இத்தகைய வீட்டுப் புராணம் ஒன்று அச்சேறி உலகப் புகழ் பெற்றதற்குச் சிறந்த சான்று, அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதிய நூல் வரிசை. 1932 முதல் 1943 வரை எட்டு நூல்கள் வந்தன. அவற்றுள் ஒன்று அவருடைய கணவரின் இளமைக் கதை. ஏனைய ஏழும் தம் பெற்றோரின் குடும்பத்தைப் பற்றியவை. 1974 முதல் 1983 வரை தொலைக்காட்சித் தொடராகவும் அக்கதை நடந்தது. நம் பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வரும் ஆங்கில நூல்களில் இவையும் இருக்கும். ஆகவே பெற்றோர் இவற்றைத் தாமும் படித்துப் பார்ப்பது பயனுடையது. நூற்பெயர்களைத் தமிழாக்கியே இங்கே தருகிறேன்.

கதையின் தலைமக்கள் சார்லஸ் இங்கால்சும் கரோலினும். அவர் 1836இலும் அம்மையார் 1839இலும் பிறந்தவர்கள். 1860இல் மணம் செய்துகொண்டார்கள். லாரா அவர்களுடைய இரண்டாவது மகள். 1867இல் விஸ்கான்சின் காட்டுப் பகுதியில் பிறந்த அவர், முதல் நூலை வெளியிட்டபோது அறுபத்தைந்து வயதைத் தொட்டிருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய புகையூட்டிய இறைச்சியின் மணத்தையும், தந்தையின் பிடிலோசையையும், புல்வெளியில் காற்று வீசும் திசையையும் அவர் எழுதியிருக்கும் துல்லியம் வியப்புக்குரியது. கதவொன்றை மரத்தாலேயே செய்து, மர ஆணி அடித்து, தோல் கீல் வைத்துப் பொருத்துவதை ஒரு தச்சன் பின்பற்றிச் செய்யுமளவுக்கு விவரிக்கிறார். பொருள்களைப் பற்றிய இந்த மரியாதையே இந்நூல்களின் முதல் சிறப்பு.

அக்குடும்பம் அலைந்ததற்குப் பின்னணி ஒரு சட்டம். 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆணோ மணமாகாத பெண்ணோ சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் அரசு நிலத்தைத் தம் பெயரில் குறித்துக்கொள்ளலாம். ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டு, அதற்குச் சாட்சிகளையும் நிறுத்தினால் நிலம் உரிமையாகும். ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இவ்வாறு நிலம் பெற்றனர். கைமாறிய பரப்பு சுமார் 27 கோடி ஏக்கர். பட்டினி கிடக்காமல் ஐந்தாண்டு தாக்குப் பிடிக்க முடியாதென்று அரசாங்கம் நம்மிடம் பந்தயம் கட்டியிருக்கிறது என்று தந்தை வேடிக்கையாகச் சொல்வதாக ஒரு நூலில் வருகிறது. அந்தப் பந்தயத்தில் தோற்றவர் தொகையும் பெரிது.

நூல்களைத் தொடர்ந்து படிப்பவர் மனத்தில் நிற்கும் சித்திரம் ஒன்று உண்டு. துணிக்கூரை போட்ட ஒரு குதிரை வண்டி. உள்ளே தாயும் தந்தையும் பெண்மக்களும். வண்டி எப்போதும் மேற்கு நோக்கியே போகிறது. விஸ்கான்சின், கான்சாஸ், மின்னசோட்டா, டகோட்டா என்று ஒவ்வொரு நூலும் ஒரு படி முன்னேறுகிறது. உண்மை வாழ்க்கையிலோ வண்டி இரண்டு முறை பின்வாங்கியது. 1869இல் கான்சாஸ் போனவர்கள் 1871இல் விஸ்கான்சினுக்கே திரும்பினார்கள். 'பெருங்காட்டில் ஒரு சிறு வீடு' என்ற முதல் நூலிலுள்ள நிகழ்ச்சிகளுள் பல அவ்வாறு திரும்பி வந்த பின் நிகழ்ந்தவையே. பிறகு 1874இல் மின்னசோட்டா. அங்கே வெட்டுக்கிளிக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு கோதுமையைத் தின்று தீர்க்க, 1876இல் மறுபடியும் கிழக்கே திரும்பி அயோவா மாநிலத்தின் பர் ஓக் என்னும் சிற்றூரில் ஒரு விடுதியில் வேலை செய்து பிழைத்தார்கள்.

இந்த அயோவா வாழ்க்கை எட்டு நூல்களில் எங்கும் இல்லை. அங்கே போகும் வழியில், ஒன்பது மாதக் கைக்குழந்தையாய் இறந்துபோன ஒரே மகன் பிரெட்டியும் இல்லை. 1877இல் பர் ஓக்கில் பிறந்த கடைசிப் பெண் கிரேஸ், 'வெள்ளி ஏரிக்கரையில்' என்ற நூலில் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாமலே தோன்றிவிடுகிறாள். வசதியுள்ள ஓர் அம்மையார் லாராவைத் தத்துக் கேட்டதும், வாடகைப் பாக்கியைக் கட்ட முடியாமல் குடும்பம் இரவோடிரவாக ஊரை விட்டுப் புறப்பட்டதும், லாரா 1930இல் எழுதி வைத்த 'முன்னோடிப் பெண்' என்னும் தன்வரலாற்றுக் கையெழுத்துப் படியில் இருக்கின்றன. அந்தப் படியை அப்போது வெளியிட எவரும் முன்வரவில்லை. 2014இல்தான் அது விரிவான குறிப்புகளுடன் நூலாயிற்று. அதுவரை உலகம் அறிந்திருந்தது வடிகட்டிய கதை.

1937இல் ஒரு புத்தகக் கண்காட்சியில் பேசியபோது லாராவே, தாம் சொன்னதெல்லாம் உண்மை, ஆயினும் அது முழு உண்மையன்று என்ற பொருள்படக் கூறியிருக்கிறார். திறனாய்வாளர் வேலை இங்கேதான் தொடங்குகிறது. விட்டுவிடுவது கலைஞரின் உரிமை. ஆனால் எல்லா விடுதல்களும் ஒரு தன்மையன அல்ல.

பர் ஓக்கை விட்டதை நான் குறை கூற மாட்டேன். சிறுவர்க்கென்று எழுதுபவர், இறந்த தம்பியையும் சாராயக் கடையை ஒட்டிய விடுதி வாழ்க்கையையும் தவிர்த்தது விளங்கிக்கொள்ளக் கூடியதே. வண்டி ஒரே திசையில் போனால்தான் காப்பியத்துக்கு உருவம் கிடைக்கும் என்பதும் மெய். ஆனாலும் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. கரோலின் அம்மையார் கதை முழுவதிலும் அடக்கமும் ஒழுங்கும் உடைய ஒரு சிலைபோல் நிற்கிறார். மகனைப் புதைத்துவிட்டுப் பிறர் விடுதியில் சமைத்துப் போட்ட பெண்ணாக நாம் அவரைக் கண்டிருந்தால், பின்னே வரும் அவருடைய ஒரே பிடிவாதத்தின் எடை நமக்குத் தெரிந்திருக்கும். டகோட்டாவை அடைந்த பிறகும் கணவருக்கு மேற்கே போகும் ஆசை தீரவில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் போக வேண்டும், இனி நகர்வதில்லை என்று தடுத்து நிறுத்தியவர் அந்த அம்மையார்தான். பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு நகரத்தைவிட்டு அசைய மறுத்த தாய்மார்களை நம் குடும்பங்களும் அறியும்.

கான்சாஸ் பற்றிய நூலோ வேறு வகை. 'புல்வெளியில் ஒரு சிறு வீடு' 1935இல் வந்தது. வரிசையில் மிகுந்த புகழ் பெற்றது அதுவே. சார்லஸ் வீடு கட்டிய அந்த இடம் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் வந்த நிலமே அன்று. அது ஓசேஜ் மக்களுக்கென்று உடன்படிக்கையால் ஒதுக்கப்பட்டிருந்த பகுதி. அங்கே குடியேற யாருக்கும் உரிமை இல்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தார்கள், இங்கால்ஸ் குடும்பமும் நுழைந்தது. 1870இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஓசேஜ் மக்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, இன்றைய ஓக்லஹாமாப் பகுதிக்குச் சென்றார்கள். நூலின்படி, அரசாங்கப் படைவீரர்கள் வந்து வெளியேற்றுவார்கள் என்ற செய்தி கேட்டுத் தந்தை சினந்து வண்டி பூட்டுகிறார். ஆவணங்களின்படியோ, விஸ்கான்சினில் அவர் விற்றுவிட்டு வந்த நிலத்தை வாங்கியவர் பணம் கட்ட முடியாமல் திருப்பித் தந்துவிட்டார். அதனால் குடும்பம் திரும்பிற்று. வெளியேறியவர்கள் ஓசேஜ் மக்கள். வெளியேற்றப்பட்டவர்களாகக் கதையில் நிற்பவர்கள் இங்கால்ஸ் குடும்பத்தார். இங்கே விடுதல் நிகழவில்லை, இடமாற்றம் நிகழ்ந்திருக்கிறது. இதைக் கலையின் உரிமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கான்சாசை விட்டபோது லாராவுக்கு வயது நான்கு. ஆகவே அந்நூலிலுள்ள நினைவு பெரும்பாலும் அவருடையதன்று. தந்தையும் தாயும் அடுப்பங்கரையில் சொல்லிச் சொல்லி வளர்த்தது. தமக்கு வசதியான வகையில் நினைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மகள் அதை நம்பினார். நம்பியதை அழகாக எழுதினார். அந்நூலின் இறுதிப் பகுதியில் ஓசேஜ் மக்கள் வரிசை வரிசையாக வீட்டு வாசலைக் கடந்து போகும் காட்சி வருகிறது. தாயின் பக்கத்தில் கூடையில் இருக்கும் ஒரு குழந்தையின் கறுத்த கண்களைப் பார்த்துவிட்டு, அது தனக்கு வேண்டும் என்று சிறுமி அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பெற்றோர் சொல்லிக் கொடுத்த கதைக்குள் அடங்காத ஒன்று அந்த அழுகையில் வெளிப்பட்டுவிடுகிறது. நூலாசிரியரின் கருத்தைவிட நூல் பெரிதாகி நிற்கும் இடம் அது.

அந்நூலின் தொடக்கத்தில், அந்நாட்டில் மனிதர் இல்லை, இந்தியர் மட்டுமே இருந்தனர் என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. 1952இல் ஒரு வாசகர் அதைச் சுட்டிப் பதிப்பகத்துக்கு எழுதினார். லாரா தவற்றை ஏற்றுக்கொண்டார்; அடுத்த ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்' என்ற சொல் 'குடியேறியோர்' என்று மாறியது. ஒரு சொல் மாறிற்று, பார்வை மாறவில்லை. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, 1954 முதல் லாராவின் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரை மாற்றிவிட்டது. அதைப் பற்றி அங்கே பெரிய வாதம் எழுந்தது. விருதுக்கு எப்பெயர் இருந்தால் என்ன, நூலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறோமா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பட்டினப்பாலை கரிகாலனைப் போற்றும் இடத்தில், காட்டைத் திருத்தி நாடாக்கியதையும் குளங்கள் தோண்டியதையும் பாடுகிறது. அங்கே காட்டுக்குப் புலவர் ஆளும் வினைச்சொல் 'கொல்லுதல்'. புகழ் பாடும்போதும் அவர் அச்சொல்லை மறைக்கவில்லை. நம் காலத்தில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தெலுங்கு பேசும் குடிகள் தெற்கே வந்து காட்டை அழித்து ஊர் சமைத்த கதையை, நூறு வயது கடந்த மங்கத்தாயாரு அம்மாளின் நினைவு வழியாகச் சொல்கிறது. அங்கே கிழவி சொல்ல, வீடே சுற்றி அமர்ந்து கேட்கிறது. இங்கால்ஸ் கதையில் சொல்பவர் ஒருவர். அவர் சொல்லும்போது கேட்டுத் திருத்தக்கூடியவர் பலர் மறைந்துவிட்டனர்.

வரிசையில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் 'நீண்ட குளிர்காலம்' (1940) என்றே சொல்வேன். 1879இல் இரயில்பாதை போடும் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்காக டகோட்டா வந்த சார்லஸ், 1880இல் டி ஸ்மெட் ஊரருகே 160 ஏக்கரைப் பதிவு செய்தார். அந்த அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கிவிட்டது. இரயில்கள் நின்றன, கரி இல்லை, மாவு இல்லை, விளக்கெண்ணெய் இல்லை. குடும்பம் வைக்கோலை முறுக்கிக் கட்டையாக்கி எரித்தது. கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கையந்திரத்தில் அரைத்து ரொட்டி சுட்டது. (நம் வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய காப்பி யந்திரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தவர்க்கு, ஆறு பேருக்கு அதில் மாவு அரைப்பது என்னவென்று புரியும்.) பசியால் மூளை மந்தித்துப் போவதை, சொற்களே சுருங்கிப்போகும் ஒரு நடையில் லாரா எழுதியிருக்கிறார். அடுத்தடுத்த அத்தியாயங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அந்த ஒற்றுமையே அதன் வலிமை.

இந்நூலில்தான் தனித்து நிற்கும் குடும்பம் என்ற கற்பனை உடைகிறது. இங்கால்ஸ் குடும்பத்தைக் காப்பாற்றுவது அவர்களுடைய உழைப்பு மட்டுமன்று. விதைக் கோதுமையைச் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்த இளைஞன் அல்மான்சோ வைல்டர், அவனும் அவன் தோழனும் உயிரைப் பணயம் வைத்துப் பனியில் போய் வாங்கி வந்த கோதுமை, அதைக் கொள்ளை விலைக்கு விற்க நினைத்த கடைக்காரரை நாணச் செய்த ஊரார். ஊர் இருந்ததால் குடும்பம் பிழைத்தது. ஆனால் இங்கும் ஒரு மறைப்பு. அந்தக் குளிர்காலம் முழுவதும் கைக்குழந்தையோடு ஓர் இளந்தம்பதியர் இங்கால்ஸ் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள் என்று 'முன்னோடிப் பெண்' சொல்கிறது. அவர்கள் ஒத்தாசை செய்யாதது லாராவுக்கு எரிச்சல். புதினத்தில் அவர்களைத் துடைத்தே எடுத்துவிட்டார். விருந்தாளி மேல் வந்த கோபம் அறுபதாண்டு ஆறாமல் இருந்ததைப் பார்க்கும்போது, கூட்டுக்குடித்தனம் அறிந்த நமக்குச் சிரிப்பு வராமல் இராது.

இதனினும் கருதத்தக்கது மூத்த மகள் மேரியின் படிப்பு. 1879இல் நோயால் பார்வை இழந்த மேரி, 1881 முதல் அயோவாவின் வின்டன் நகரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியில் பயின்றார். கல்விச் செலவை ஏற்றது டகோட்டாப் பகுதி அரசு. நூல்களில் அச்செய்தி இல்லை. தந்தையின் உழைப்பும் லாரா பள்ளியாசிரியையாகச் சேர்த்த காசும்தான் மேரியைப் படிக்க வைத்தன என்றே எண்ணத் தோன்றும். லாராவின் சம்பாத்தியமும் உதவியது மெய்யே. ஆனால் நிலம் தந்ததும் அரசு, கல்வி தந்ததும் அரசு என்பதை மறைத்துவிட்டு, தன் கையே தனக்கு உதவி என்று கதை சொல்வது நேர்மையாகுமா?

அந்த மறைப்பில் லாராவின் மகள் ரோஸ் வைல்டர் லேனுக்கு எவ்வளவு பங்கு என்பது நெடுநாள் வழக்கு. ரோஸ் அந்நாளில் தாயைவிடப் புகழ்பெற்ற எழுத்தாளர். தாயின் படிகளைத் திருத்தி அமைத்தவர். ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணத் திட்டங்களைக் கடுமையாக எதிர்த்தவர். 1933இல் பாட்டன் பாட்டியின் வாழ்க்கையைத் தழுவி, சார்லஸ், கரோலின் என்ற அதே பெயர்களோடு தாமே ஒரு புதினம் வெளியிட்டார். தாய்க்கு அது பிடிக்கவில்லை. 1993இல் ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியர் நூல்களின் உண்மையான ஆசிரியர் ரோசே என்று வாதிட்டார். 2017இல் வெளிவந்து புலிட்சர் பரிசு பெற்ற கேரலைன் பிரேசரின் நூல் இருவர் உறவையும் நிதானமாக எடைபோடுகிறது. ரோஸின் கை படாத 'முதல் நான்கு ஆண்டுகள்' (1971) என்ற நூலைப் படித்தவர்க்கு ஐயம் தீரும்: கண்ணும் காதும் தாயுடையவை; கட்டுமானத்தில் மகளுக்குப் பங்கு உண்டு.

அந்தச் சிறு நூல்தான் லாராவின் எழுத்தில் மிகவும் வறண்டது. அதனாலேயே எனக்கு மிகவும் வேண்டியது. 1885இல் அல்மான்சோவை மணந்த பிறகு நேர்ந்தவை அதில் உள்ளன. ஆலங்கட்டி மழை விளைந்த கோதுமையை ஒரே பொழுதில் அடித்துப் போடுகிறது. தொண்டை அடைப்பான் நோய் இருவரையும் தாக்குகிறது. 1889இல் பெயர்கூட இடாத ஆண்குழந்தை இறக்கிறது. வீடு தீப்பற்றி எரிகிறது. மரம் வளர்த்தால் நிலம் தரும் வேறொரு சட்டத்தை நம்பி நட்ட கன்றுகள் வறட்சியில் கருகுகின்றன. 1894இல் அவர்கள் டகோட்டாவை விட்டு மிசௌரி மாநிலத்து மேன்ஸ்ஃபீல்டுக்குப் போய்ப் பழத்தோட்டமும் கோழிப்பண்ணையுமாக மெல்லத் தலையெடுத்தார்கள். சார்லசும் 1886இல் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்ற மறு ஆண்டே ஊருக்குள் வீடு கட்டிக் குடிபோய்த் தச்சு வேலை பார்த்தார். இத்தனை நூல்களுக்கும் பொருளான வேளாண்மை அவருக்குச் சோறு போடவில்லை.

சார்லஸ் 1902இல் மறைந்தார், கரோலின் 1924இல். மேரி மணம் செய்துகொள்ளவில்லை. கேரிக்கும் கிரேசுக்கும் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் இல்லை. லாரா 1957இல் தொண்ணூறாம் வயதில் காலமானார். ரோசின் ஒரே குழந்தை பிறப்பிலேயே தவறியது. அவரும் 1968இல் மறைந்தபோது அந்தத் தம்பதியரின் வழி முற்றுப்பெற்றது. சந்ததிக்காகவே நிலம் தேடி அலைந்தவர்களுக்கு நிலமும் நிலைக்கவில்லை, சந்ததியும் நிலைக்கவில்லை. நூல்களின் உரிமை ரோசின் அரசியல் வாரிசாக விளங்கிய ஒருவருக்குச் சென்றது. தந்தையின் பிடில் மேன்ஸ்ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் சங்க நூலகங்களில் இவ்வரிசையை வைப்பதானால் 'நீண்ட குளிர்காலம்' முதலில் இருக்கட்டும். 'புல்வெளியில் ஒரு சிறு வீடு' என்பதன் பக்கத்திலேயே லூயிஸ் எர்ட்ரிக் எழுதிய 'பூர்ச்சமரப்பட்டை வீடு' (1999) இருக்கவேண்டும். ஓஜிப்வே மரபில் வந்த எர்ட்ரிக், சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் 1847இல் வாழும் ஒரு சிறுமியின் கண்வழியே, தம் மக்களின் குடும்பக் கதையைத் தொடங்குகிறார். அங்கும் வீடு கட்டுகிறார்கள், தோல் பதனிடுகிறார்கள், பாட்டி கதை சொல்கிறாள், குளிர்காலத்தில் பசி வருகிறது, அம்மைநோயும் வருகிறது. அடுத்தடுத்த நூல்களில் அந்தக் குடும்பமும் மேற்கு நோக்கியே போகிறது. குடியேறியோருக்கு நிலம் வேண்டியிருந்ததால் தீவை விட்டு அனுப்பப்பட்டு, ஏரிகளையும் ஆறுகளையும் கடந்து, அவர்கள் சென்று சேரும் இடம் டகோட்டாவின் புல்வெளிப் பக்கம்.